தெய்வநாயகத்துக்கு ஓர் இலை

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை எனக்கு முன்னால் வேறு யாரோ படித்துவிடுவார்கள். உறையைப் பிரித்து, படித்து, மறுபடி பசை தடவி ஒட்டி அனுப்புவார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்யக்கூடாதா? பசை உள்ளே வழிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். நான் பிரிக்கும்போது பாதிக் கடிதம் கிழிந்து கையோடு வரும். ரப்பர் தோட்டத்திலிருந்த என் அக்காவுக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் மாடு கன்று போட்டது, மழை பெய்தது, மாமாவுக்கு மறுபடி காய்ச்சல் என்பதுதான். அதைப் படிக்க சர்க்கார் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் என் கணவர். தெய்வநாயகம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தவர். கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்க மாட்டார். நாற்பத்தெட்டில் அவசரகாலச் சட்டம் வந்ததும் சங்கங்களைக் கலைத்தார்கள். பேனா பிடித்தவனும் துப்பாக்கி பிடித்தவனும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றாகிப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சங்கத் தலைவரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், கடைசியில் அவர் வேட்டியை மட்டும்தான் அவர் மனைவியிடம் கொடுத்தார்கள். அதைக் கேட்ட பிறகு நானே இவரைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தேன். சுமத்ராவிலிருந்து மலாக்கா ஆற்றுக்குக் கரி ஏற்றி வரும் தொங்காங் படகில், வாக் லெமான் என்கிற படகுக்காரர் இவரைக் கரிச்சாக்குகளுக்கு நடுவே உட்காரவைத்து அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மறுநாளே போலீஸ் வந்து எங்கள் மெத்தையைக் கிழித்துப் பார்த்தது.

அக்கரையில் இவர் பிழைத்துக்கொள்வார் என்று எனக்குத் தைரியம் இருந்தது. இவர்கள் மலாக்காவின் காஜா பேராங் செட்டிகள், தலைமுறை தலைமுறையாக மலாய்க்காரர்களோடு கலந்து வாழ்ந்தவர்கள். பெயர் தெய்வநாயகம், சாமி மாரியம்மன், நெற்றியில் திருநீறு. வாயைத் திறந்தால் மலாய். என்னைக் கட்டிய பிறகுதான் இவருக்குத் தமிழே ஒழுங்காக வந்தது, அதிலும் பாதி நான் திட்டித் திட்டிக் கற்றுக்கொண்டது. என் மாமியார் சிவகாமிக்குக் கடைசிவரை வரவில்லை. அவர் பெற்ற பிள்ளைகள் அம்மாவை ‘மக்’ என்பார்கள், நானும் மக் என்றுதான் கூப்பிடுவேன். மக் மலாயில் சொன்னதையெல்லாம் இங்கே நான் என் தமிழில்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட துப்பறியும் ஆள் சுப்பையன். நல்ல மனிதர் என்று சொன்னால் எனக்கே ஆத்திரம் வருகிறது, ஆனால் நல்ல மனிதர்தான். மரியாதையாக வாசலில் நின்று கூப்பிடுவார். கொடுத்த காப்பியைக் குடிப்பார். குடித்துக்கொண்டே அலமாரி, அடுப்பங்கரை, கொடியில் காயும் துணி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவார்.

“தங்கச்சி, எல்லாருக்கும் அடையாளக் கார்டு குடுத்தாச்சு. பெருவிரல் ரேகை எல்லாம் எடுத்தாச்சு. உங்க வீட்டுக்காரர் மட்டும் இன்னும் எடுக்கலையே?”

“அவரைப் பார்த்தா நீங்களே சொல்லுங்கண்ணே. எனக்கும் ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு” என்பேன்.

சிரிப்பார். போய்விடுவார். மறுபடி வருவார். அவர் வராத நேரத்தில் எதிர்ச் சாரியில் சைக்கிள் கடை வைத்தவன் பார்த்துக்கொள்வான். அவன் அசந்தால் எங்கள் சொந்தக்காரர்களே போதும். யார் வீட்டில் எத்தனை தேங்காய் உரித்தார்கள் என்பதுவரை தெரு முழுக்கத் தெரியும். யாரும் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள், அவ்வளவுதான்.

இத்தனை கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் நானும் அவரும் பேசிக்கொள்ள ஒரே ஒரு வழி வைத்திருந்தோம். அவருடைய நீலக் கைலி. வாக் லெமான் கரி இறக்க மலாக்கா வரும்போதெல்லாம் எங்கள் தெரு வழியாக ஒரு தடவை நடந்து போவார். ஒரு வார்த்தை பேசக்கூடாது, நிற்கக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது. கொடியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நீலக் கைலி காய்ந்தால் ஆபத்து இல்லை, வரலாம். காயாவிட்டால் வரவேண்டாம். எழுதினால் பிடிப்பார்கள், பேசினால் பிடிப்பார்கள், ஒருவன் தெருவில் நடந்து போனதை என்னவென்று பிடிப்பது? வாக் லெமான் தெருக்கோடியில் திரும்புகிற வரை நான் ஜன்னல் பின்னால் நின்று பார்ப்பேன். அவர் முதுகைப் பார்த்தாலே என் புருஷன் உயிரோடிருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் கைலியை ஒரு தடவைகூட என்னால் கொடியில் போட முடியவில்லை. அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுவதற்குத்தான் பயன்பட்டது.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு தை மாதத்துக்கு முன்னால் மக் என்னை அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இந்தப் போகிக்கு அவனுக்கும் இலை போடப் போகிறேன்” என்றார்.

நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். தோட்டத்தில் எங்களுக்குப் போகி என்றால் பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்துவது. செட்டி வீடுகளில் போகி செத்தவர்களுக்கு. பர்ச்சு என்பார்கள். முன்கூடத்தில் வாழையிலைகளைப் பரப்பி, போய்ச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் உயிரோடிருந்தபோது என்ன பிடிக்குமோ அதைச் சமைத்து வைப்பார்கள். நாசி லெமாக், சம்பால், பலகாரம், காப்பி, சுருட்டு எதுவும் விலக்கில்லை. சாம்பிராணி போட்டு, கும்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வீட்டில் ஒருவர் மிச்சமில்லாமல் வாசலுக்கு வந்துவிட வேண்டும். செத்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், அந்தச் சாப்பாட்டை நாம் சாப்பிடுவோம். உயிரோடிருப்பவனுக்கு அங்கே இலை போடுவது என்பது விளையாட்டுக்குக்கூட யாரும் வாயில் எடுக்காத பேச்சு.

“சுப்பையன் நம்ம சாமியைக் கும்பிடுகிறவன்தானே” என்றார் மக். “அவன் இலையைப் பார்க்கட்டும். பெற்றவளே இலை போட்டுவிட்டாள் என்றால் அதற்கு மேல் அவனுக்கு என்ன சாட்சி வேண்டும்? செத்தவனைத் தேட ஆள் போட மாட்டார்கள். இவர்கள் போகட்டும். நீ கைலியைக் காயப் போடு. அவன் வந்துவிடுவான்.”

“மக், உயிரோட இருக்கிறவருக்கா?”

“கோயிலுக்குப் போய் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தேன். பாவம் என் தலையில் என்று சொல்லிவிட்டேன்.”

நான் அழுதேன், சண்டை போட்டேன், கடைசியில் ஒத்துக்கொண்டேன். பொய் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை, ஆசைப்பட்டேன். அவர் வந்துவிடுவார் என்கிற வார்த்தையை அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

போகியன்று சொந்தபந்தமெல்லாம் வந்து வீடு நிறைந்துவிட்டது. மக் அவருக்குப் பிடித்த பிண்டாங் மீன்குழம்பைத் தன் கையால் வைத்தார். மாமனார் இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை விரித்ததும் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். ஒரு நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளிடம்கூட உண்மையைச் சொல்ல முடியவில்லை. சுப்பையன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். யாருடைய இலை என்று கேட்டார். மக் பெயரைச் சொன்னார். மனிதர் முகம் சுருங்கிப் போனது.

ஆனாலும் வேலையில் கெட்டிக்காரர். எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தியதும் தானே முன்வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பின்சந்தில் தன் ஆளை நிறுத்தியிருந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே சாம்பிராணி வாசம் மட்டும் வந்தது. மக் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு மக்தான் கதவைத் தட்டி முதலில் உள்ளே போனார். போனவர் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஓடினோம். மாமனார் இலை வைத்தது வைத்தபடி இருந்தது. பாட்டனார் இலை அப்படியே இருந்தது. தெய்வநாயகம் இலையில் சோறு பாதிக்கு மேல் இல்லை. காப்பிக் கோப்பை காலி. இலை ஓரத்தில் மீனின் வயிற்றுத் துண்டு மட்டும் முள் எடுத்துத் தனியாக வைக்கப்பட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று அவர் அப்படித்தான் ஒதுக்கி வைப்பார். அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

சுப்பையன் செருப்போடு உள்ளே ஓடி வந்தார். இலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். இருந்தாலும் குளியலறை, பரண், கரி அறை எல்லாவற்றையும் விளக்கைப் பிடித்துத் தேடினார். ஒருவரும் இல்லை. பின்சந்து ஆளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஈ காக்கா போகலைங்க ஐயா. நான் நின்ன இடத்தை விட்டு நகரலை” என்றான் அவன்.

சுப்பையன் மக் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “அம்மா, முன்னால நானே உக்காந்திருந்தேன். பின்னால என் ஆள். உசுரோட ஒருத்தன் உள்ள வந்திருக்க முடியாது. உங்க மகன்தாம்மா வந்துட்டுப் போயிருக்காரு.”

இதைவிட நல்ல சாட்சி எங்களுக்கு யார் தருவார்கள்? எங்களை அத்தனை வருஷம் கண் கொட்டாமல் பார்த்தவரே சொல்கிறார். சாப்பிட்டது அவர்தான், அந்த மீன்துண்டே சொல்லிற்று. காவல் துளிகூடத் தவறவில்லை. அப்படியென்றால் அவர் வந்த வழி ஒன்றுதான். பொய்யாகப் போட்ட இலையை நிஜமாக்கிவிட்டார். நான் அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கிவிட்டுத்தான் அழுதேன்.

அப்புறம் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். கருமாதி முடிந்தது. தாலியை எடுத்தார்கள். நீலக் கைலியைக் கோயில் வாசலில் ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். கொடியில் என் வெள்ளைப் புடவைகள் காய்ந்தன. சுப்பையன் மேலே எழுதி அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. அவர் வருவது நின்றது. சைக்கிள் கடைக்காரன் கடையைக் காலி செய்துகொண்டு குருபோங் பக்கம் போனான். அக்காவின் கடிதங்கள் கிழியாமல் முழுசாக வந்தன. மழை பெய்ததாம்.

வாக் லெமான் பிறகும் தெருவில் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடியைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு போனார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, துக்கம் காக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச காலத்தில் அவர் படகைச் சுங்கத்தார் பிடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் அவரையும் காணவில்லை.

மக் மட்டும் என்னைப்போல் உடைந்து போகவில்லை. கூப்பிட்டதும் மகன் வந்து சாப்பிட்டான் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. புக்கிட் பாருவிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக்கூட விடமாட்டார். “உங்கள் வீட்டுச் செத்தவர்கள் வாசத்தைத்தான் பிடிப்பார்கள். என் பிள்ளை சோற்றை அள்ளித் தின்றான்” என்பார். கேட்கிறவர்கள் கைகூப்புவார்கள். எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பண்டார் ஹிலிரில் கொடியும் பாட்டுமாக இருந்த வருஷம் மக் படுக்கையில் விழுந்தார். மறுவருஷம் போய்ச் சேர்ந்தார்.

அவசரகாலச் சட்டத்தை எடுத்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு காலை, ஆற்றோரக் கிட்டங்கியில் கரி வாங்கப் போயிருந்தேன். பின்னாலிருந்து யாரோ “கமலம்” என்றார்கள். என் பெயர் கமலவேணி. கமலம் என்று கூப்பிட்டவர் ஒருவர்தான்.

திரும்பினேன். முதலில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால் தரையில் பாவியிருக்கிறதா என்று பார்த்தேன். காலில் ரப்பர் செருப்பு இருந்தது, ஒரு வார் அறுந்து கம்பி வைத்துக் கட்டியிருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தேன். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, என் புருஷன் நின்றுகொண்டிருந்தார்.

அவர் என்னைத் தொட வரவில்லை. என் வெள்ளைப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னமும் இதையா கட்டிக்கிட்டு இருக்கே?” என்றார். குரலில் அன்பில்லை, பழைய கோபம் ஒன்று இருந்தது. “போலீஸுக்குக் காட்ட ஒரு வருஷம் கட்டினா போதாதா? நான்தான் உயிரோட இருக்கேன்னு சொல்லிட்டுப் போனேனே.”

“எப்ப சொன்னீங்க?”

“போகிக்கு வந்தேனே! கைலி காயலேன்னாலும் போகிக் கூட்டத்துல யாருக்கும் தெரியாதுன்னு, கரி மூட்டையைத் தூக்கிக்கிட்டு, வாக் லெமான் ஆளுங்களோட. நீதான் அடுப்பங்கரையில நின்னு, தரையெல்லாம் கரியாக்காதேன்னு கத்தினே. பக்கத்துல உன் நாத்தனாருங்க எல்லாம் இருந்தாங்க, வாயைத் திறக்க முடியல. அப்படியே கரி அறையில பதுங்கிக்கிட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் போன பிறகு உங்ககிட்ட வரலாம்னு இருந்தேன்.”

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அன்றைக்கு எத்தனை பேரிடம் கத்தினேனோ. அவர் என் எதிரில் நின்றிருக்கிறார், நான் அவர் காலைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாரும் வெளிய போனீங்க. கூடத்துக்கு வந்தா எனக்கு ஒரு இலை. மக் வேலைன்னு உடனே புரிஞ்சுபோச்சு. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. வாசல்ல அந்த மாத்தா-மாத்தா போலீஸ்காரன் இருமுற சத்தம் கேட்டுது. இன்னிக்கு உங்ககிட்ட பேச முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் சாப்பிட்டேன். நான் வந்தேன், நல்லாயிருக்கேன், காவல் போனதும் கைலியைப் போடு, வந்துடறேன்னு சொல்லத்தான் சாப்பிட்டேன். மீனைக்கூட உனக்கு எடுத்து வெச்சேன். மக் சத்தம் போட்டதும் பின்னால நின்னவன் முன்வாசலுக்கு ஓடினான். அந்த நேரத்துல நழுவிட்டேன்.”

அவரே தொடர்ந்தார்.

“வாக் லெமான் வந்து வந்து பார்த்தார். காவலும் இல்லே, கைலியும் இல்லே, வெள்ளைதான் காயுதுன்னார். கருமாதி பண்ணிட்டாங்கன்னார். நான் உயிரோட இருக்கிறது தெரிஞ்சே என்னைப் பொதச்சுட்டீங்கன்னு நெனச்சேன். என்னால உங்களுக்குத் தொல்லைதானே, அதான் விட்டுத் தொலைச்சுட்டாங்கன்னு. அவர் படகும் போன பிறகு...” நிறுத்தினார். “அங்க ஒருத்தி இருக்கா. ரெண்டு பிள்ளைங்க.” தலையை நிமிர்த்தி மறுபடி கோபமாகக் கேட்டார், “எச்சில் இலையைப் பார்க்கலையா நீங்க?”

“பார்த்தோம்.”

“பின்னே?”

“அதைப் பார்த்துத்தாங்க நீங்க செத்துட்டீங்கன்னு நம்பினோம்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். சுப்பையன் சொன்னதை, பின்சந்துக்காரன் இடத்தை விட்டு நகரவேயில்லை என்று சாதித்ததை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கோபமெல்லாம் கழன்று விழுந்தது. கோபம் இருந்தவரைக்கும் அவர் நின்றுகொண்டிருந்தார். அது போனதும் கரிச்சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

யாரைத் திட்டுவது? அந்தச் சோம்பேறிக் காவல்காரனையா? மக்கையா? உயிரோடிருக்கிற மனுஷன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பிண்டம் என்று நினைத்து விழுங்கின என்னையா? வா, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருந்தது. அக்கரையில் அந்த ரெண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கையை நீட்டாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவருடைய தொங்காங்கிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். தண்ணீர் வற்றுவதற்குள் கிளம்ப வேண்டுமாம். எழுந்தார். நாலடி போனவர் திரும்பி வந்தார்.

“மக் போயிட்டாங்கன்னு இங்க சொன்னாங்க. அவங்களுக்காவது தெரியுமா, அன்னிக்கு நான் வந்தது?”

“தெரியும்” என்றேன். “வந்தீங்க, சாப்பிட்டீங்கன்னு சாகுற வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாங்க.”

அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. இத்தனை வருஷம் நான் ஒருத்தியே சுமந்தது போதும் என்று இருந்தது.

“அதுக்கப்புறமும் வருஷா வருஷம் இலை போட்டாங்க. கதவைத் தொறந்து பார்ப்பாங்க, தொட்டிருக்காது. குழம்புல உப்பு சரியில்லையோ, புளி கூடிப்போச்சோன்னு அன்னிக்கெல்லாம் சாப்பிட மாட்டாங்க. ஒரு தடவை வந்த பிள்ளை ஏன் மறுபடி வரலைன்னு கேட்டுக்கிட்டேதான் போனாங்க.”